முடிவு தெரிந்த கதையில் ஏன் இவ்வளவு தவிப்பு? சிலப்பதிகாரத்தை வைத்து ஒரு பதில்

உங்கள் மகளுக்குப் பள்ளியில் சிலப்பதிகாரத்தின் கதைப்போக்கும் கதைமாந்தர் நடத்தையும் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கேட்பதாக நீங்கள் எழுதிய மூன்று கேள்விகளும் நல்ல கேள்விகள். கோவலன் சாகப்போவது எல்லாருக்கும் தெரியும், அப்புறம் இதில் என்ன எதிர்பார்ப்பு? வெட்ட வரும்போது கோவலன் ஏன் வாயே திறக்கவில்லை? இவ்வளவு அமைதியான கண்ணகி திடீரென்று எப்படி அப்படி மாறினாள்? கைடில் மூன்றுக்கும் சேர்த்து ‘ஊழ்வினை’ என்று ஒரே பதில் போட்டிருக்கிறது, அதை எழுதினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்வியிலிருந்து வருவோம். பிள்ளைகள் இன்று பார்க்கும் படங்களில் ‘கொலை செய்தது யார்’ என்பதைக் கடைசிவரை மறைத்து வைப்பதுதான் பரபரப்பு. இளங்கோவடிகள் எதையும் மறைக்கவில்லை. நூலின் முன்னுரையான பதிகத்திலேயே மொத்தக் கதையும் வந்துவிடுகிறது, ‘அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்’ என்று தொடங்கி மூன்று உண்மைகளையும் (அரசு தவறினால் அறமே எமனாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவார்கள், ஊழ்வினை விடாது) சொல்லிவிட்டுத்தான் நூலுக்குள் போகிறோம். பதிகம் பின்னால் யாரோ சேர்த்தது என்று சொல்பவர்களும் உண்டு. சரி, அதை விட்டுவிட்டாலும் ஒன்பதாவது காதையில் (காதை என்றால் நூலின் ஒரு பகுதி) கண்ணகி தோழி தேவந்தியிடம் தன் கனவைச் சொல்கிறாள்: ஒரு பெரிய ஊருக்குப் போகிறோம், தேளைத் தூக்கி மேலே போட்டதுபோல் என்மேல் ஒரு பழியைப் போடுகிறார்கள், கோவலனுக்குத் தீங்கு வருகிறது, நான் அரசன் முன்னால் போய் நின்று வழக்குரைக்கிறேன், அரசனுக்கும் ஊருக்கும் கேடு வருகிறது. இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? முப்பது காதையில் ஒன்பதாவதிலேயே முழுக்கதையும் நம் கையில்.

ஆக நம்மைத் தவிக்க வைப்பது ‘என்ன நடக்கும்’ என்பது கிடையாது. நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் முழு நூலையும் உங்கள் மகள் தானாகவே படித்துவிடலாம். ஒவ்வொரு காட்சியிலும் அவள் கேட்க வேண்டியது இது மட்டும்தான்: இப்போது யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன தெரியாது?

சொந்த ஊரான புகாரை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம்தான் நடந்திருப்பார்கள், கண்ணகி கால் நோக, ‘மதுரை மூதூர் யாது’ என்று கேட்கிறாள். மதுரை எங்கே இருக்கிறது என்று குழந்தைபோல் கேட்கிற இவள் அந்த ஊரை என்ன செய்யப் போகிறாள் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஒரு வரிக் கேள்விதான், ஆனால் படிக்கும்போது வயிறு என்னவோ செய்கிறது. அதற்கு முன்பு புகாரில், கோவலன் கண்ணகியைப் பிரிந்து சேர்ந்து வாழ்ந்த ஆடல்மகள் மாதவி அனுப்பிய கடிதத்தைக் கோவலன் வாங்க மறுத்தபோது அவள் சொல்வதும் இப்படித்தான்: மாலையில் வராவிட்டாலும் ‘காலை காண்குவம்’. அந்தக் காலை அவளுக்கு வரவேயில்லை.

பள்ளியில் தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டாக ஒரு வரி மனப்பாடம் செய்திருப்பாள், கேட்டுப்பாருங்கள். ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’. மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் இயல்பாக அசைகின்றன, கவிஞர் தன் குறிப்பை ஏற்றி ‘வராதே’ என்று கை காட்டுவதாகச் சொல்கிறார், இரண்டு மதிப்பெண், முடிந்தது. இலக்கணமாக அது சரிதான். ஆனால் அந்த வரி நிற்கும் இடத்தைப் பாருங்கள். இருவரும் ஊரை நெருங்கிவிட்டார்கள். அதற்குச் சற்று முன்னால்தான் வையை ஆறு வருகிறது. கண்ணகிக்கு வரப்போவதை அறிந்தவள்போல அந்த ஆறு தன் கண்ணீர் தெரியாமல் உடம்பெல்லாம் பூவாடை போர்த்திக்கொண்டு போவதாக இளங்கோ சொல்கிறார். ஆறு அழுகிறது, கொடி தடுக்கிறது, இவர்கள் இருவர் மட்டும் ‘நல்ல பூ’ என்று பார்த்துக்கொண்டு தெப்பத்தில் ஏறிக் கரை சேர்கிறார்கள். அணி என்று தனியாக வெட்டியெடுத்துப் படிக்கும்போது இந்த அச்சம் மொத்தமும் போய்விடுகிறது, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. அணி இலக்கணத்தையும் கதையையும் ஒரே நாளில் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் இரண்டையும் மறக்க மாட்டார்கள்.

கனவுகளையும் கவனிக்கச் சொல்லுங்கள். மூன்று பேர் கனவு காண்கிறார்கள். கண்ணகியின் கனவு புகாரில், கொலை நடப்பதற்கு நெடுநாள் முன்னால். கோவலன் தன் கனவை, தன்னை முன்பே அறிந்த மாடல மறையோனிடம் சொல்வது பதினைந்தாவது காதையில், அடுத்த காதையில் அவன் இறந்துவிடுகிறான். பாண்டிமாதேவியின் கனவு இருபதாவது காதையில், செங்கோலும் குடையும் சாய்ந்து விழக் கண்டேன் என்று அவள் அரசனிடம் சொல்லி முடிக்கவும் வாசலில் கண்ணகியின் குரல் கேட்கவும் சரியாக இருக்கிறது. கனவுக்கும் அது பலிப்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வருகிறது. கட்டுரையில் இதை எழுதினால் எந்த ஆசிரியரும் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது பதினாறாவது, கொலைக்களக் காதை. என்னைக் கேட்டால் தமிழில் இதற்கு இணையாகக் கட்டப்பட்ட காட்சி அபூர்வம். காதையின் பெயரிலேயே கொலை இருக்கிறது. ஆனால் தொடங்குவது சமையலில். மதுரையில் அடைக்கலம் தந்த ஆயர்குலத்து மாதரி கொடுத்த வெள்ளரிக்காயையும் மாதுளங்காயையும் கண்ணகி அரிவாளில் நறுக்குகிறாள், விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. பனையோலைத் தடுக்கில் கோவலன் உட்காருகிறான். அவன் காலைக் கழுவிவிட்டு, வாழைக் குருத்தை விரித்து, ‘அமுதம் உண்க அடிகள் ஈங்கு’ என்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை பாக்கு. ஒரு சாதாரண வீட்டுச் சாப்பாட்டை ஏன் இத்தனை வரி நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும்? மாதவியிடம் போன பிறகு இந்த இருவரும் இழந்த வீட்டு வாழ்க்கை அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் திரும்பக் கிடைக்கிறது, அதுவே கடைசி வேளையும்கூட. நமக்கு அது தெரியும். வெற்றிலையைக் கொடுப்பவளுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது.

சாப்பிட்ட பிறகு கோவலன் மனம் விட்டுப் பேசுகிறான். பெற்றவர்கள் சொல்லைத் தட்டினேன், உனக்குச் சிறுமை செய்தேன், ‘எழுகென எழுந்தாய் என்செய்தனை’, புறப்படு என்றதும் புறப்பட்டுவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்று உருகுகிறான். கண்ணகி என்ன சொல்கிறாள் தெரியுமா? ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’. நீங்கள் செய்தது போற்றத்தக்க காரியம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அப்படி நீங்கள் நடந்தபோதும் உங்கள் சொல்லை மறுக்காத உள்ளத்தோடு வாழ்ந்தவள் நான், அதனால் எழுந்து வந்தேன் என்கிறாள். இந்த வரியை அடிக்கோடிட்டு வைக்கச் சொல்லுங்கள், மூன்றாவது கேள்விக்கு இது வேண்டும்.

பிறகு, ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு ‘மாறி வருவன் மயங்காது ஒழிக’, விற்றுவிட்டு வருகிறேன் கலங்காதே, என்று கிளம்புகிறான். தெருவில் திமில் உள்ள காளை ஒன்று எதிரே வருகிறது. ஆயர்களுக்கு அது கெட்ட சகுனம். கோவலன் வணிகர் குலத்தவன், அவன் குலத்தில் இதெல்லாம் தெரியாது, அதனால் ‘இழுக்கென அறியான்’ போய்க்கொண்டே இருக்கிறான். எச்சரிக்கை எதிரே வந்து நிற்கிறது, அதைப் படிக்கத்தான் அவனுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் யாராவது ஒரு ஆயர் பக்கத்தில் இருந்திருந்தால்கூடப் போதும் என்று நமக்குத் தோன்றும், தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் ‘தன் குலம் அறியும் தகுதி அன்று’ என்று இளங்கோ காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறார்.

கொலை நடக்கும் இடத்துக்கு வருவோம். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கோவலன் விற்கக் காட்டிய சிலம்பே அது என்று அரசனிடம் பொய் சொல்லிக் காவலர்களைக் கூட்டி வருகிறான். காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் ‘கொலைப்படு மகன் அலன்’ என்கிறார்கள், இவன் தோற்றத்தைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே என்று. அப்பாடா, தப்பித்தான் என்று நமக்கு ஒரு நிமிடம் மூச்சு வருகிறது. பொற்கொல்லன் விடவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்கள் கையாளும் எட்டு வழிகளை விளக்க ஆரம்பிக்கிறான், கிட்டத்தட்ட ஒரு பாடமே நடத்துகிறான். அடுத்து ஓர் இளம் காவலன், மழைக்கால இருட்டில் ஒரு திருடன் என் வாளையே பறித்துக்கொண்டு மாயமாகிவிட்டான் என்று தன் அனுபவத்தைச் சொல்லி, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று மற்றவர்களைக் கேட்கிறான். பேச்சு நீள நீள இன்னும் முடிவாகவில்லை என்ற நம்பிக்கை நமக்கு வளர்கிறது. அந்த நேரத்தில் ‘கல்லாக் களிமகன்’ ஒருவன், எதையும் யோசிக்காத ஒரு குடிகாரன், கையிலிருந்த வாளை வீசிவிடுகிறான். யாரும் முடிவெடுக்கவே இல்லை. பேச்சின் நடுவில் கதை முடிந்துபோகிறது.

கோவலன் ஏன் பேசவில்லை என்பதற்குப் பதிலும் இங்கேயே இருக்கிறது. பொற்கொல்லன் அவனிடம் என்ன சொன்னான்? மன்னன் ஏவ, சிலம்பைப் பார்க்க வந்தவர்கள் இவர்கள், என்று. அதாவது வந்திருப்பது வாங்குபவர் பக்கத்து ஆட்கள் என்றுதான் கோவலனுக்கு அறிமுகம். அவனிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்டதாக நூலில் இல்லை. இந்தச் சிலம்பு யாருடையது, நீ எந்த ஊர், எதுவும் இல்லை. பேசுவது எல்லாம் அவனைப் பற்றி, அவனோடு யாரும் பேசவில்லை. ஆகவே ‘கோவலன் கோழை’ என்று எழுதினால் அது தவறு. அவன் கோழை இல்லை என்பதற்கு இளங்கோ முந்தைய காதையிலேயே சாட்சி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள், அதனால் நிறுத்திச் சொல்கிறேன். பதினைந்தாவது, அடைக்கலக் காதையில் மாடல மறையோன் கோவலனின் பழைய நற்செயல்கள் மூன்றைச் சொல்கிறான். கதை இவ்வளவு வேகமாகப் போகும்போது இந்தப் பழங்கதை எதற்கு என்று தோன்றும். முதலாவது, மதயானை பிடித்த ஒரு முதிய அந்தணரை அதன் கையிலிருந்து மீட்டது. இரண்டாவது, கீரிப்பிள்ளை. குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை, வாயில் இரத்தத்தைப் பார்த்ததும் குழந்தையைத்தான் கொன்றுவிட்டது என்று நினைத்து வீட்டுக்காரி கொன்றுவிடுகிறாள். அவளை விட்டு வடதிசை கிளம்பிய கணவனைத் திரும்ப அழைத்து, அவள் பாவம் தீரத் தானம் செய்து, இருவரையும் சேர்த்து வைத்தவன் கோவலன். மூன்றாவது, ஒரு பத்தினிமேல் பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்துக்கொள்ள, அவனுக்குப் பதில் என் உயிரை எடுத்துக்கொள் என்று கோவலன் முன்வந்தது.

மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். யானையின் முன்னால் பாய்ந்தவன் வாளுக்குப் பயந்து வாயடைத்தான் என்று சொல்ல முடியாது. கீரிக் கதை விசாரிக்காமல் கொல்வதைப் பற்றியது, பூதக் கதை பொய்ச்சாட்சியைப் பற்றியது. அடுத்த காதையில் ஒருவன் பொய்ச்சாட்சி சொல்கிறான், ஒருவன் விசாரிக்காமல் கொல்லச் சொல்கிறான், அதில் சாவது அந்த இரண்டு தவறுகளையும் செய்தவர்களுக்காக முன்னொரு காலத்தில் இரங்கிய அதே ஆள். மாடலன் கதை சொல்லும்போது நாம் கோவலனை முதல் தடவையாக முழு மனதோடு மதிக்க ஆரம்பிக்கிறோம், மதித்த கையோடு இழக்கிறோம். இது தற்செயலாக அமைந்த வரிசை என்று நான் நம்பவில்லை.

ஆனால் கோவலனிடம் குறையும் உண்டு, அதையும் எழுத வேண்டும். அவன் ஒரு கணத்தில் முடிவெடுக்கிறவன். கடற்கரைப் பாட்டான கானல்வரியில் மாதவி பாடிய ஒரு பாட்டைக் கேட்டு, கேள்வி கேட்காமல், ‘மாயப்பொய் பல கூட்டும் மாயத்தாள்’ என்று முடிவுகட்டி எழுந்து போகிறான். வீட்டுக்கு வந்தவன் அன்று இரவே, பெற்றோரிடம்கூடச் சொல்லாமல், மதுரைக்குப் புறப்படுகிறான். மதுரைக்குப் போகும் வழியில் மாதவியின் இரண்டாவது கடிதம் வந்த பிறகுதான் தவறு அவளுடையதில்லை, தன்னுடையது என்று உணர்கிறான். ஒருத்தியை விசாரிக்காமல் குற்றவாளியாக்கியவனை இன்னொருவன் விசாரிக்காமல் குற்றவாளியாக்குகிறான். இதைத் தண்டனை என்று சொல்ல மாட்டேன், மாதவிக்குச் செய்ததற்கு இந்தச் சாவு எந்த வகையிலும் ஈடாகாது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதைக் காணாமல் இருக்க முடியாது.

பாண்டியனும் அதே மாதிரிதான். அரசி ஊடல் கொண்டு, தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அவன் போய்க்கொண்டிருக்கும்போது வழியில் பொற்கொல்லன் காலில் விழுகிறான். காணாமல் போன அரசியின் சிலம்பு கிடைத்துவிட்டது என்கிறான். கோபத்தில் இருக்கும் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுக்க இதைவிட நல்ல பொருள் வேறு உண்டா? ‘கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு’. நின்ற இடத்திலேயே ஆணை. இளங்கோ ‘வினைவிளை காலம் ஆதலின்’ என்று ஊழைச் சொல்கிறார், உண்மைதான். ஆனால் அதே மூச்சில் ‘தேரான் ஆகி’, ஆராயாதவனாகி, என்று அவன் செய்த பிழையையும் சொல்கிறார். பிறகு கண்ணகி அரசவையில் அவனைக் கூப்பிடும் சொல்லும் ‘தேரா மன்னா’தான். கைடு முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. ஊழ் நேரத்தைக் குறித்துக் கொடுத்தது, ஆராயாமல் வாயைத் திறந்தவன் பாண்டியன்.

அவனை வில்லனாகவும் ஆக்கிவிட வேண்டாம். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி சொன்னதும் அவன் என்ன செய்கிறான்? நீ சொன்னது நல்ல சொல் என்று பாராட்டிவிட்டு, ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’ என்று தானே சொல்லி, சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைக்கிறான். தன்னைத் தோற்கடிக்கும் அளவுகோலைத் தன் வாயாலேயே கொடுக்கிறான். மறைத்திருக்கலாம், தள்ளிப் போட்டிருக்கலாம், அரசனை யார் கேட்பது? கண்ணகி அதை உடைத்து மாணிக்க மணி தெறித்த பிறகு ‘யானே கள்வன்’ என்று உயிரை விடுகிறான். அவசரக்காரன், அதே சமயம் நேர்மையானவன். இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்கப் பழகுவதுதான் பாத்திரப் படைப்பைப் படிப்பது.

கண்ணகிக்கு வருவோம். ‘திடீரென்று மாறினாள்’ என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்பதாவது காதையில்தான் அவள் குரலையே கேட்கிறோம். அதிலேயே, இன்ன குளத்தில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தேவந்தி சொல்ல, ‘பீடன்று’ என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். அது நமக்குப் பெருமை இல்லை, அவ்வளவுதான். அடுத்து நான் மேலே சொன்ன ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’. குறைவாகப் பேசுகிறாள், பேசும்போது சரி எது தவறு எது என்பதில் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த உறுதி அரசவைவரை ஒரே நூலாக ஓடுகிறது. மாறியது அவள் பேசும் இடமும் கேட்கும் ஆளும்தான்.

எங்கே அவள் குரல் உடைந்து வெளியே வருகிறது என்பதற்கு 16, 17, 18 மூன்று காதைகளையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும். பதினாறின் முடிவில் கோவலன் இறந்துவிட்டான். பதினேழில் ஆயர்சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வழிகிறது, ‘வருவது ஒன்று உண்டு’ என்கிறார்கள், என்ன வருகிறது என்று தெரியாமல் கண்ணகி பார்க்கக் குரவைக் கூத்து ஆடுகிறார்கள். ஒரு காதை முழுக்கப் பாட்டும் ஆட்டமும், நமக்கோ அவன் செத்துப்போனது தெரியும். பதினெட்டின் தொடக்கத்தில் செய்தி கேட்டு ஒருத்தி ஓடி வருகிறாள், வந்தவள் ‘சொல்லாடாள் சொல்லாடா நின்றாள்’, சொல்ல வாயெடுக்காமல் நிற்கிறாள். கண்ணகிதான் பேச ஆரம்பிக்கிறாள்: காதலனைக் காணோமே, ஊரார் ஏதோ சொன்னார்களே, என்ன அது, சொல். அதிகம் கேள்வி கேட்காதவள் அடுக்கடுக்காகக் கேட்கிறாள், கேட்கக் கேட்க அவளுக்கே பதில் தெரிந்துகொண்டு வருகிறது. பிறகு சூரியனையே கேட்டுவிட்டுத்தான் அரண்மனைக்குப் போகிறாள். வழக்குரை காதையில் நாம் பார்க்கும் கண்ணகி இங்கே உருவாகி முடித்துவிட்டாள்.

எழுதும்போது ஒரு நோட்டுப் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பக்கம் ‘படிக்கிற எனக்குத் தெரிந்தது’, மறுபக்கம் ‘காட்சியில் இருப்பவருக்குத் தெரிந்தது’. சமையல், காளை, காவலர் பேச்சு, குரவை, இந்த நான்கு காட்சிக்கு மட்டும் நிரப்பினாலே முதல் கேள்விக்கான பதில் தயார். பாத்திரங்களுக்கு, ஒவ்வொருவரும் முடிவெடுத்த ஓர் இடத்தை எடுத்து, அதற்கு முன்னால் அதே ஆள் அதே மாதிரி நடந்துகொண்ட இன்னோர் இடத்தைத் தேடி எழுத வேண்டும். பாண்டியனுக்கு மட்டும் அப்படி முன்காட்சி கிடைக்காது, அவனுக்குக் கொலை ஆணையையும் வழக்குரை அவையையும் எதிரெதிரே வைத்தால் போதும். உரைக்கு ந.மு. வேங்கடசாமி நாட்டாருடையது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டும், முதலில் பதினாறாவது காதையை எடுத்துக் கொடுங்கள்.